ஜெர்மனிக்குக் குழந்தையோடு வருகிறீர்களா?

வீடு கிடைத்து முகவரியைப் பதிந்த கையோடு செய்ய வேண்டிய முதல் வேலை, கீட்டாவுக்கு எழுதிப்போடுவது. பள்ளிக்கு முந்தைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு அதில் இடம் கேட்க 2013 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் பெரிய நகரங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒன்றுக்கு ஐந்தாக விண்ணப்பித்து வையுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது, சரி, மறுநாளே விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடலாம் என்றால் நடக்காது. 'ஐன்கெவோனுங்' என்று ஒரு பழக்கும் காலம் உண்டு. முதல் சில நாட்கள் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் வெளியே போகச் சொல்வார்கள், பிறகு அரை மணி. இப்படியே சில வாரங்கள் ஓடிவிடும். என் மகள் மூன்றாம் நாளே "நீ போப்பா" என்றுவிட்டாள், ஆசிரியைதான் விடவில்லை. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் சேரும் தேதியை இதையும் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள்.

உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள் என்று ஊரிலிருந்து கேட்பார்கள். எழுத்தும் கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது. மழை தூறினாலும் வெளியே விளையாட்டுதான். ரப்பர் பூட்ஸும் சேற்றில் புரள ஒரு பேண்ட்டும் கட்டாயம் வேண்டும். பிள்ளை தானே சாப்பிடுகிறதா, தானே ஜாக்கெட் போடுகிறதா என்பதைத்தான் கவனிப்பார்கள். நாலு வயதுவரை தட்டோடு பின்னாலேயே ஓடி ஊட்டிவிடும் நமக்கு அங்கேதான் உதைக்கும். விமானம் ஏறுவதற்கு முன்பே கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

ஆறு வயதில் பள்ளி. முதல் நாள் பிள்ளையின் கையில் அதன் பாதி உயரத்துக்கு ஒரு கூம்பு இருக்க வேண்டும். ஷூல்ட்யூட்டே என்பார்கள், உள்ளே மிட்டாய், பென்சில், பொம்மை. இதை யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. கடையிலும் வாங்கலாம், ராத்திரி உட்கார்ந்து ஒட்டியும் செய்யலாம்.

முதல் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அதிர்ந்துவிடாதீர்கள். இங்கே 1 தான் உச்சம், 6 அடிமட்டம்.

நாலாம் வகுப்பு முடிவில்தான் உண்மையான தலைவலி. பெர்லினும் பிராண்டன்பர்க்கும் ஆறாம் வகுப்பு வரை பொறுக்கின்றன. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதிலேயே எந்த வகைப் பள்ளி என்று முடிவாகிறது. கிம்னாசியம் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பள்ளி. ரியால்ஷூலே போன்றவை தொழிற்பயிற்சிப் பக்கம் சாய்ந்தவை. அங்கே போன பிள்ளையும் பின்னால் வழி மாறிப் பல்கலைக்கழகம் போகலாம். கொஞ்சம் சுற்று வழி, அவ்வளவுதான். பத்து வயதில் இப்படிப் பிரிப்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. கணக்கில் புலியாக இருந்தும் ஜெர்மன் மொழி கைவராததால் பின்தங்கும் பிள்ளைகள் உண்டு. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையோடு வருகிறவர்கள் மற்ற எதையும்விட மொழிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

விடுமுறைக்கு ரெண்டு நாள் முன்னால் பறந்தால் டிக்கெட் மலிவு என்ற யோசனையே வேண்டாம். பள்ளிக்குப் போவது கட்டாயம், மீறினால் அபராதம். 2018-இல் பவேரியாவின் மெம்மிங்கன் விமான நிலையத்தில் போலீசாரே இப்படிக் கிளம்பிய குடும்பங்களைப் பிடித்தார்கள். வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கவும் அனுமதி இல்லை.

அப்புறம், அடி. 2000-ஆம் ஆண்டிலிருந்து பெற்றோர் கை நீட்டுவதும் சட்டத்துக்குப் புறம்பு. "ஒரு தட்டு தட்டினேன்" என்று பெற்றோர் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிடாதீர்கள்.

தமிழ் எழுத்துக்குக் கவலை வேண்டாம். ஈழத்தமிழர்கள் நடத்தும் தமிழாலயங்கள் பல ஊர்களில் உண்டு, பெரும்பாலும் வார இறுதியில் வகுப்பு. முதல் வாரமே போய் விசாரியுங்கள். எந்தக் கீட்டாவில் இடம் காலியாகிறது என்ற செய்தியும் அந்த வாசலில்தான் கிடைக்கும்.