விளக்கின் முன் ஒரு பந்து: புறக்கோளைப் பிடிக்கும் வகுப்பறைச் செய்முறை

சூரியனைத் தவிர மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை, அதாவது புறக்கோள்களை, நேரடியாகப் படம்பிடிப்பது அரிது. விண்மீனின் ஒளி அவற்றை மறைத்துவிடும். ஆனால் கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் வெளிச்சம் துளி குறையும். இதுவரை தெரிந்த புறக்கோள்களில் பெரும்பாலானவை இப்படிச் சிக்கியவைதான்.

தேவை: 12 செ.மீ. விட்டமுள்ள வெள்ளை உருண்டை விளக்கு, 4 செ.மீ., 2 செ.மீ. பந்துகள், மெல்லிய குச்சி, வெளிச்சத்தை லக்ஸில் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கோடாக வரைந்து காட்டும் செயலியுள்ள ஆண்ட்ராய்டு போன்.

1. அறையை இருட்டாக்கி, விளக்கின் உயரத்திலேயே ஒரு மீட்டர் தள்ளிப் போனை நிறுத்துங்கள். ஒளி உணரி பெரும்பாலும் முன்பக்க கேமராவின் அருகில் இருக்கும். அதை விரலால் மூடிவிடாதீர்கள்.

2. பெரிய பந்தைக் குச்சியில் செருகி, விளக்கைச் சுற்றிச் சீராக நகர்த்துங்கள். செயலி வரையும் கோட்டில் பள்ளங்கள் விழும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே உள்ள நேரம்தான் அந்தக் கோளின் ஓர் ஆண்டு.

3. இப்போது சின்னப் பந்து. சுற்றும் முன் மாணவர்களிடம் கேளுங்கள்: பள்ளம் எவ்வளவு குறையும்? பலர் பாதி என்பார்கள். கால்வாசிதான் வரும், ஏனென்றால் ஒளியை மறைப்பது பந்தின் பரப்பு. என்னைக் கேட்டால் இந்தச் செய்முறையின் உயிரே இந்தக் கேள்விதான், அவசரப்படாதீர்கள்.

கணக்குப்படி பெரிய பந்து ஒன்பதில் ஒரு பங்கை, சுமார் 11 சதவீதத்தை, மறைக்க வேண்டும். பந்து போனுக்குச் சற்று அருகில் இருப்பதால் இது கூடலாம்; சுவரில் பட்டு வரும் வெளிச்சம் குறைக்கவும் செய்யும். வானத்திலும் இதே தொல்லை உண்டு: பக்கத்து விண்மீனின் ஒளி கலந்தால் கோள் சிறியதாகத் தெரியும்.

நிஜத்தில் வியாழன் சூரியனைக் கடந்தால் குறைவது 1 சதவீதம். பூமி என்றால் 0.01 சதவீதம்கூட இல்லை. இவ்வளவு சிறிய குறைவு காற்று மண்டலத்தின் நடுக்கத்தில் தெரியாமல் போகும். அதனால்தான் 2009-இல் கெப்ளர் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினார்கள்.

4. போனை ஒரு மீட்டர் மேலே தூக்கி, விளக்கை நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். பந்து சுற்றும், பள்ளம் விழாது. பூமி போன்ற கோளின் பாதை நம் பார்வைக்கு நேராக அமைய 200-இல் ஒரு வாய்ப்புதான்.

சரி, பள்ளத்திலிருந்து கோளின் அளவு தெரிந்தது, எடை? அதற்குக் கோளின் இழுப்பில் விண்மீன் தள்ளாடுவதை நிறமாலையில் (நிறங்களாகப் பிரித்த அதன் ஒளியில்) அளக்க வேண்டும். 1995-இல் சுவிஸ் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் 51 பெகாசி பி என்ற கோளைக் கண்டது அந்த வழியில்தான்.