ஜிமேட் முதல் விசா வரை: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு

வெளிநாட்டில் எம்பிஏ படிக்க முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட் நடக்கும் மையத்தில் அதைத்தான் அடையாளமாகக் கேட்பார்கள், ஆதார் செல்லாது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுத்து பிசகாமல் தேர்வுப் பதிவிலும் கல்லூரி விண்ணப்பத்திலும் கொடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என்று இருந்தால் இப்போதே சரிசெய்வது நல்லது.

தேர்வு 2 மணி 15 நிமிடம், 64 கேள்விகள். மூன்று பகுதிகள், தலா 45 நிமிடம். கணிதத்தில் 21 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. ஆகவே பின்னம், சதவீதம், விகிதம் மூன்றையும் தினமும் கையால் போட்டுப் பழகுங்கள். ஒரு பகுதியில் 3 விடைகளை மட்டுமே திருத்தலாம். கடைசிக் கேள்விகளை விட்டுவிட்டால் மதிப்பெண் குறையும், தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். மதிப்பெண் 5 ஆண்டு செல்லும்.

விசாவில் பலர் சறுக்குவது பணக் கணக்கில்தான். பிரிட்டனுக்கு, தேவையான தொகை வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்தாலும் மறுப்பார்கள். மாந்தோப்பு, நிலப் பத்திரம் எவ்வளவு மதிப்பானாலும் அங்கே கணக்கில் வராது. மாங்காய் விற்ற பணத்தை நம்பியிருந்தால் அது கணக்கில் ஏறிய நாளிலிருந்து 28 நாளை எண்ணி, அதன்பின் 31 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும்.

அமெரிக்காவுக்கு வரிசை வேறு: கல்லூரி தரும் ஐ-20 (சேர்க்கைச் சான்றுப் படிவம்), செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம், டிஎஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவம், பிறகு நேர்காணல். படிப்புச் செலவை யார் தருகிறார்கள் என்று இரண்டே வாக்கியத்தில், கையில் உள்ள ஆவணத்தோடு பொருந்தும்படி சொல்லுங்கள்.