எந்தக் காபனைப் பார்த்தீர்கள்? நனோகுழாய் ஆய்வில் விடும் தவறுகள்

களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் ஆய்வறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காபன் நனோகுழாய்த் தூளை வெளியே அனுப்பி எக்ஸ்.பி.எஸ் (எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் இலத்திரன்களின் சக்தியை அளந்து, எந்த அணு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று அறியும் முறை) எடுப்பித்து, வந்த கோப்பைத் தானே மடிக்கணினியில் பிரித்திருக்கிறார்: காபனின் உள் இலத்திரனுக்குரிய 1எஸ் உச்சி கச்சிதமாக 284.8 இலத்திரன்வோல்ற்றில், அதற்குக் கீழே சமச்சீரான நாலு மேடுகள். "குழாயில கால்வாசி ஒட்சியேறியிருக்கு அண்ணே" என்றார். காபனை விட்டுவிட்டு எல்லாத் தனிமங்களும் ஒன்றாகத் தெரியும் சர்வே ஸ்கேனைத் திறக்கச் சொன்னேன். ஒட்சிசன் நிற்கவேண்டிய 532 இலத்திரன்வோல்ற்றுக்கு அருகில் தேடிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு ஒரு புடைப்பு. கால்வாசிக் காபன் ஒட்சிசனைப் பிடித்திருந்தால் அந்த ஒட்சிசன் எங்கே?

அந்த 284.8, காற்றில் கிடக்கும் எந்தப் பொருளின் மேலும் படிகிற காபன் அழுக்குக்கு உரிய எண். கடத்தாத பொருட்களில் மின்னேற்றத்தால் வரும் நகர்வைத் திருத்த அதைப் பிடித்துக்கொள்வார்கள், சரி. ஆனால் இங்கே மாதிரியே காபன். மீனை நிறுக்க மீனையே படிக்கல்லாக வைத்த கதை. குழாயின் உச்சி 284.4க்கும் 284.6க்கும் இடையில் வரும். அதை இழுத்து 284.8இல் வைத்தால், மாசூட்டலால் (வேற்றுப் பொருள் சேர்த்து இலத்திரன் அளவை மாற்றுவதால்) ஏற்படும் 0.1, 0.2 நகர்வு, அதாவது நீங்கள் தேடிப்போன விடயமே, அழிந்துவிடும். குழாய்ப் படலம் போதுமான அளவு கடத்தும். நன்றாக எர்த் கொடுத்து, ஒரு பொன் துண்டின் 4எஃப் உச்சியை 84.0இல் சரிபார்த்தால் போதும்.

மேடுகளுக்கு வருவோம், பெரிய பிழை இதுதான். கடத்தும் காபனின் உச்சி சமச்சீராக இராது, அதிக பிணைப்புச் சக்திப் பக்கம் வால் நீளும், ஏனென்றால் உள் இலத்திரன் வெளியேறும்போது கடத்தும் இலத்திரன்களும் கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொள்கின்றன. சமச்சீர் வளைகோட்டை மட்டும் கொடுத்தால், மிஞ்சும் வாலை நிரப்ப மென்பொருள் 286இலும் 287இலும் மேடு கட்டும், நாமும் அதற்குப் பிணைப்பின் பெயர் சூட்டிவிடுவோம். 291 அருகில் வரும் சின்னத் திமிலும் அப்படித்தான்: அது பை இலத்திரன்கள் (குழாய்ச் சுவர் முழுக்கப் பரவி நிற்கும் பிணைப்பு இலத்திரன்கள்) மேல்மட்டத்துக்குத் தாவுவதால் வருவது, கார்பொக்சில் என்ற ஒட்சிசன் பிடித்த காபன் இல்லை. "மறுகா என்ன செய்ற?" என்று கேட்டார். அதே கருவியில், ஒட்டுநாடாவால் புதிதாக உரித்த காரீயத்தை (கிராபைற்று, ஈயம் இல்லை) அளந்து, அந்த வடிவத்தையே குழாய்க்கும் கொடுங்கள். அதற்கு மேலும் மிஞ்சினால் பேசலாம்.

தூளைக் காபன் ஒட்டுநாடாவில் தூவுவதும் வேண்டாம், இடைவெளிகளில் தெரிவது நாடாவின் காபன். இந்தியத் தகட்டில் அழுத்தி வையுங்கள் (இந்தியம் என்ற உலோகம், நாடு இல்லை).

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கல்லடிக் கடற்காற்றில் திறந்து கிடந்த மாதிரியில் சோடியம் 1072இல் எட்டிப்பார்க்கும். குழாயைப் பிரித்தெடுக்கப் போட்ட டொடெசில் சல்பேற்று என்ற சவர்க்காரத்திலும் சோடியம் இருக்கிறது. எது என்று அறிய, குளோரீனின் 199ஐயும் கந்தகத்தின் 169ஐயும் பாருங்கள்: குளோரீன் கூட வந்தால் உப்பு, கந்தகம் வந்தால் சவர்க்காரம். அதைப் போக்க ஆர்கன் அயனால் சுரண்டாதீர்கள், குழாய்ச் சுவரே சிதைந்துபோகும். வெற்றிடத்தில் மெல்லச் சூடாக்கினால் காற்றில் படிந்த அழுக்காவது போகும். உப்பு அப்படிப் போகாது, முதலிலேயே மூடிவைக்க வேண்டும்.

யு.பி.எஸ் (எக்ஸ் கதிருக்குப் பதில் புறஊதா ஒளியால் செய்யும் அதே வகை அளவீடு, மேசைக்குக் கீழே கீச்சிடும் பெட்டி அல்ல) செய்பவர்கள், ஹீலியம் விளக்கின் 21.2 இலத்திரன்வோல்ற்று ஒளி மேற்பரப்பின் ஓரிரு நனோமீற்றரை மட்டும் காட்டுவதை மறந்துவிடுகிறார்கள். அதோடு, பிரிக்காத ஒற்றைச்சுவர்க் குழாய்களில் மூன்றிலொரு பங்கு உலோகத் தன்மை, மீதி குறைகடத்தி. வருவது கலவையின் சராசரி. நிரம்பிய மட்டங்கள் மட்டுமே தெரிவதால், அவற்றுக்கும் வெற்று மட்டங்களுக்கும் நடுவிலுள்ள சக்தி இடைவெளியை இதிலிருந்து படிக்க முடியாது. ஃபேர்மி மட்டத்தில் (உலோகத்தில் இலத்திரன்கள் நிரம்பி முடியும் சக்தியில்) கூர்மையான விளிம்பு இல்லை என்று கருவியைத் திட்டவும் வேண்டாம்: 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் காட்டியதுபடி, உலோகக் குழாய்களில் அங்கே சமிக்ஞையின் செறிவு அடுக்குக்குறி விதிப்படி (சக்தியின் ஓர் அடுக்காக) சரிந்து குறையும். ஆகவே ஃபேர்மி மட்டத்தைக் குழாயில் தேடாமல் வெள்ளித் துண்டில் எடுங்கள்.

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் சக்தி இழப்பை அளப்பவர்களுக்கு ஒரு வரி: 86 கிலோவோல்ற்றுக்கு மேலே போனால் கற்றை காபன் அணுக்களைத் தட்டிவிடத் தொடங்கும், 80 அல்லது 60இல் வேலை செய்யுங்கள்.

தம்பி புதிதாகப் பொருத்திப் பார்த்தார். நாலு மேட்டில் இரண்டு காணாமல் போயின, ஒன்று நோஞ்சானாக நிற்கிறது. ஒட்சியேற்றம் பற்றிய அத்தியாயத்தின் தலைப்பை மாற்றிக்கொண்டிருக்கிறார்.