புட் ஆஃப், கால் ஆஃப் குழப்பம் தீர்ந்த விதம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸில் எனக்குக் கிராணி (குமாஸ்தா) வேலை. புதன்கிழமைப் பயிற்சி 'புட் ஆஃப்' (put off) என்று ஆங்கிலத்தில் வந்த செய்தியை ரத்து என்று எடுத்துக்கொண்டு, அது வெள்ளிக்கு மாறியது தெரியாமல் போகாமலே இருந்துவிட்டேன். 'லைட்ட ஆஃப் பண்ணு' என்று பேசிப் பழகிய நமக்கு, ஆஃப் என்றாலே முடிந்தது என்றுதான் தோன்றும்.

முதலில் இப்படி இரண்டு சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் ஆங்கில வினைகளின் ஒரு பெரிய பட்டியலை மனப்பாடம் செய்தேன். 4 நாள் வீண். லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்டு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அப்புறம் பின்னால் வரும் சொல்லுக்கு, 'அப்' என்றால் முழுசாக என்பது மாதிரி, ஒரே பொருள் வைத்துப் பார்த்தேன். யூஸ் அப் என்றால் முழுசாகத் தீர்ப்பது, சரி. டர்ன் அப் என்றால் வந்து சேர்வது, அதோடு அந்த வழியும் அடைபட்டது.

பிடி கிடைத்தது தமிழில்தான். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்கிறோமே, அங்கே யாரும் எதையும் தள்ளுவதில்லை, போடுவதுமில்லை. புட் ஆஃப் அதேதான். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள், கிவ் அப் என்றால் விட்டுவிடு. ரத்து செய்வதற்குத்தான் கால் ஆஃப் (call off). ஒவ்வொன்றையும் ஒரே சொல்லாக நினைத்து, காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) நடக்கும் ஏதாவது ஒரு விஷயத்தோடு சேர்த்து எழுதினேன்.

பலர் கவனிக்காதது 'இட்' (it, அது) நிற்கும் இடம். புட் இட் ஆஃப் என்று நடுவில்தான் வரவேண்டும், புட் ஆஃப் இட் தப்பு. 'த மீட்டிங்' மாதிரி பெயர் என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ஆனால் லுக் ஆஃப்டர் இட், இதைப் பிரிக்கவே கூடாது. அதனால் இப்போது நோட்டில் எல்லாவற்றையும் 'இட்' சேர்த்தே எழுதி வைக்கிறேன்.