கைக்குழந்தையோடு தண்ணீரில் இறங்கும் முன்

மேட்டூர் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்தால் போதும், "பிள்ளைக்கு இப்பவே நீச்சல் பழக்கிடலாம்" என்று கும்பகோணம் பக்கம் துண்டோடு கிளம்பிவிடுவோம். கைக்குழந்தைக்கு ஆறு வேண்டாங்க. கலங்கல் தண்ணீரில் ஆழம் தெரியாது, படித்துறைப் பாசி பிள்ளையைத் தூக்கியவரையே வழுக்கி விழவைக்கும்.

ஒரு வயதுக்கு மேல், குளோரின் போட்ட நீச்சல் குளத்தில், அம்மாவோ அப்பாவோ கூடவே இறங்கிப் பழக்கலாம். தண்ணீர் வெதுவெதுப்பாக, 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். முதல் நாள் 10 நிமிஷம் போதும்; நடுங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே தூக்கித் துவட்டுங்கள். தலையை முக்கி எடுத்து 'பயம் தெளிவிக்கும்' தாத்தா வைத்தியம் கூடவே கூடாது. காற்றடைத்த வளையத்தை நம்பிக் கையை எடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறை வாளியையும் கவிழ்த்து வையுங்கள். தவழும் பிள்ளைக்கு அரை வாளியே ஆபத்து.