பாட்டு வந்தது, பாடகர் குரல் வரவில்லை

மூன்று நாள் வீணானது. பாட்டுகளைக் கலந்து போடும் டிஜே கன்ட்ரோலரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரே கேபிளில், ஸ்பீக்கர்களுக்கு ஒலியை அனுப்பும் மண்டப மிக்சருக்கு இணைப்பு கொடுத்திருந்தேன். அங்கே ஒரு சேனல்தான், அதாவது ஒலி உள்ளே போகும் ஒரு வழிதான், காலியாக இருந்தது. ஸ்பீக்கரில் வயலினும் எதிரொலியும் கேட்டன. குரல், டிரம், பேஸ் மூன்றும் எங்கோ கிணற்றுக்குள் போயிருந்தன. ஹெட்போனில் மாட்டினால் எல்லாம் சரி!

எம்பி3 கோப்புதான் கெட்டது என்று வேவ் கோப்பு போட்டேன். பேஸ், டிரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ திருகுகளை நடுவில் வைத்தேன். மென்பொருளை அழித்து மீண்டும் ஏற்றினேன். கேபிளையும் மாற்றினேன், அதே ரகத்தில் மாற்றியதுதான் மடத்தனம்.

வெறுத்துப்போய் கேபிள் முனையிலுள்ள ஜாக்கை மிக்சரிலிருந்து உருவும்போது, பாதி வெளியே வந்த நிலையில் குரல் பளிச்சென்று ஒலித்தது. அப்போதுதான் ஜாக்கைக் கவனித்தேன்: இரண்டு கறுப்பு வளையங்கள். அது ஸ்டீரியோ ஜாக். நுனியில் இடது பக்க ஒலி, நடுவில் வலது பக்க ஒலி. மிக்சரின் பேலன்ஸ்டு துளையோ ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிச்சத்தைத்தான் வெளியே விடும். இரு பக்கமும் ஒரே மாதிரி பதிவான குரலும் டிரம்மும் கழிந்து பூஜ்யமாகிவிடுகின்றன.

கன்ட்ரோலரின் பின்புறம் உள்ள சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகளிலிருந்து இரண்டு மோனோ ஜாக்குகள் உள்ள கேபிளை எடுத்தேன். இவற்றில் வளையம் ஒன்றுதான். மண்டபக்காரரிடம் கெஞ்சி இன்னொரு சேனல் வாங்கி, ஒன்றின் பேன் திருகை (ஒலியை இடமோ வலமோ நகர்த்துவது) இடது கோடிக்கும் மற்றதை வலது கோடிக்கும் திருப்பினேன். முதல் வரியிலேயே குரல் வந்துவிட்டது.