ஹீட் பம்ப் வெப்பம் தராதபோது நீங்களே பார்க்கக்கூடியவை

டொராண்டோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் எரிவாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குப் பதிலாகவோ அதற்குத் துணையாகவோ ஹீட் பம்ப் பொருத்தியவர்கள், முதல் குளிர்காலத்தில் "காற்று வருகிறது, சூடு வரவில்லை" என்று கவலைப்படுவது வழக்கம். இயந்திரம் உண்மையிலேயே வெப்பம் தரவில்லையா, அல்லது நாம் பழகிய விதத்தில் தரவில்லையா என்பதை முதலில் அறிந்துகொண்டால், தேவையற்ற பழுதுபார்ப்புச் செலவைத் தவிர்க்கலாம்.

குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறமாக வெளியேற்றுகிறது. ஹீட் பம்ப் இதே வேலையை வீட்டின் வெளிக்காற்றில் செய்கிறது. மைனஸ் 15 டிகிரிக் காற்றிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவருகிறது. கோடையில் இது ஏசியாக வேலை செய்வதற்கும் குளிர்காலத்தில் வெப்பம் தருவதற்கும் உள்ள வேறுபாடு, குழாய்களுக்குள் வெப்பத்தைச் சுமந்து சுற்றிவரும் குளிர்வாயு ஓடும் திசையை மாற்றும் ஒரு வால்வு மட்டுமே.

முதல் படி: கையை நம்பாமல் அளந்து பாருங்கள்

ஃபர்னஸ் தரும் காற்று ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி வரை இருக்கும். ஹீட் பம்ப் தரும் காற்றோ பெரும்பாலும் 30 முதல் 40 டிகிரிக்குள்தான் இருக்கும். நம் கைத்தோலின் வெப்பமே 33 டிகிரி அளவில் இருப்பதால், வீட்டைச் சூடாக்கப் போதுமான காற்றுகூடக் கைக்கு வெதுவெதுப்பாகவோ குளிர்ச்சியாகவோ தோன்றும். சமையலறை வெப்பமானி ஒன்றை எடுத்து, இயந்திரம் 15 நிமிடங்கள் தொடர்ந்து ஓடிய பிறகு, காற்று வெளிவரும் துளையிலும் காற்றை உள்ளிழுக்கும் துளையிலும் அளந்து பாருங்கள். வெளியே கடுங்குளிர் இல்லாத நாளில் 10 டிகிரியோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால், இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. கடுங்குளிரில் இந்த வேறுபாடு குறைவது இயல்பு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: தெர்மோஸ்டாட்

அறையின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இந்தச் சுவர்க்கருவி 'ஹீட்' நிலையில் இருக்கிறதா, குறித்த அளவு அறையின் வெப்பத்தைவிட 2 டிகிரியாவது கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். விசிறி 'ஆட்டோ'வில் அல்லாமல் 'ஆன்' நிலையில் இருந்தால், வெப்பம் உண்டாகாத வேளையிலும் அது காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். "குளிர்ந்த காற்று வருகிறது" என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. மாற்றம் செய்தபின் ஐந்து நிமிடங்கள் பொறுத்திருங்கள். குளிர்வாயுவை அழுத்தும் கம்ப்ரசரைக் காப்பதற்காக இயந்திரமே அந்தத் தாமதத்தை வைத்துக்கொள்கிறது. அண்மையில் தெர்மோஸ்டாட்டை மாற்றிய வீட்டில் வெப்பம் கேட்டால் குளிர் வருகிறது என்றால், திசை மாற்றும் வால்வுக்கான அமைப்பு தலைகீழாக இருக்கக்கூடும்.

மூன்றாம் படி: மின்சாரம்

வீட்டினுள் இருக்கும் பகுதிக்கும் வெளிப்பெட்டிக்கும் பெரும்பாலும் தனித்தனி பிரேக்கர்கள் உண்டு. வெளிப்பெட்டியின் 240 வோல்ட் பிரேக்கர் மட்டும் விழுந்திருந்தால், தெர்மோஸ்டாட் ஒளிரும், விசிறியும் சுழலும், வெப்பம் மட்டும் வராது. பிரேக்கரை ஒரே ஒரு முறை முழுவதுமாக அணைத்து மீண்டும் போடுங்கள். மறுபடியும் விழுந்தால் அதைத் தொடாதீர்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கடுங்குளிரில் வெளிப்பெட்டி பல மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தால், குளிர்வாயு கம்ப்ரசரின் எண்ணெயில் கரைந்து தங்கிவிடும். அந்நிலையில் உடனே ஓடவிட்டால் வாயு நுரைத்தெழுந்து எண்ணெயையும் அடித்துச் செல்வதால் கம்ப்ரசர் பழுதாகலாம். ஆகவே மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டை 'எமர்ஜென்சி' வெப்பத்தில் (ஹீட் பம்ப் ஓடாமல் துணை வெப்பம் மட்டும் இயங்கும் நிலை) வைத்து, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள்.

நான்காம் படி: ஃபில்டர்

காற்றின் தூசியைப் பிடிக்கும் ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபுறம் ஒளி தெரியவில்லையெனில் மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வெளிப்பெட்டி

வெளிக்காற்றின் ஈரம் வெளிப்பெட்டிச் சுருளில் வெண்மையான உறைபனியாகப் படிவது இயல்பு. அதை உருக்குவதற்காக இயந்திரம் அவ்வப்போது தன் திசையை மாற்றிக்கொள்ளும்: வெளிப்பெட்டியின் விசிறி நின்றுவிடும், 'புஸ்' என்று ஓர் ஒலி கேட்கும், பெட்டியிலிருந்து ஆவி எழும், சில வீடுகளில் உள்ளே சற்றுக் குளிர்ந்த காற்றும் வரும். முதல் முறை அந்த ஆவியைப் புகையென்று எண்ணி நான் செருப்புக்கூட அணியாமல் பனியில் ஓடியிருக்கிறேன். பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிடங்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சுருள் முழுவதும் கெட்டியான பனிக்கட்டியால் மூடப்பட்டு, சில மணி நேரமாகியும் உருகாமல் இருந்தால் அது பழுதின் அறிகுறி. கத்தியாலோ சுத்தியலாலோ அதைக் கொத்த வேண்டாம். மெல்லிய குழாயில் ஒரு துளை விழுந்தால் செலவு பல மடங்காகும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேலே நிமிர்ந்து பாருங்கள்: கூரை விளிம்புப் பீலி ஒழுகிப் பெட்டியின்மேல் சொட்டுகிறதா? அப்படியானால் பழுதுபார்க்க வேண்டியது பீலியைத்தான். பெட்டியைச் சுற்றிக் குவிந்துள்ள பனியையும் அள்ளி அகற்றி, காற்று வெளியேறும் பக்கத்தில் 60 சென்டிமீட்டராவது இடம் விடுங்கள்.

ஆறாம் படி: துணை வெப்பத்தைக் கவனியுங்கள்

வீடு சூடாக இருப்பதாலேயே ஹீட் பம்ப் வேலை செய்கிறது என்று கொள்ள முடியாது. மின்கம்பிச் சுருள் துணை வெப்பமாக உள்ள வீடுகளில், ஹீட் பம்ப் நின்றுபோனால் அந்தச் சுருளே முழுச் சுமையையும் ஏற்கும். அதே வெப்பத்துக்கு இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் செலவாகும். மிதமான குளிரிலும் தெர்மோஸ்டாட்டில் துணை வெப்பக் குறி அணையாமல் எரிந்தால், மின்கட்டணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எரிவாயு ஃபர்னஸும் சேர்ந்துள்ள வீடுகளிலோ, குறிப்பிட்ட குளிருக்குக் கீழே ஹீட் பம்ப் தானாகவே ஓய்ந்து ஃபர்னஸுக்கு வழிவிடுவது அமைப்பின் ஒரு பகுதி.

இதற்கு மேல் தொடக்கூடாது

குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை, இடைவிடாத சீறல், சுருளின் ஒரு பகுதியில் மட்டும் பனி ஆகியவை குளிர்வாயுக் கசிவைக் காட்டக்கூடும். அந்த வாயுவைக் கையாள ஒன்டாரியோவில் தகுதிச் சான்று பெற்றவருக்கே அனுமதி உண்டு. அது பெட்ரோல்போலத் தீர்ந்துபோகும் பொருளன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் நிரப்பித் தருகிறேன் என்பவரிடம், முதலில் கசியும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பழுதுபார்ப்பவரை அழைக்கும்போது வெளி வெப்பநிலை, நீங்கள் அளந்த இரண்டு அளவுகள், தெர்மோஸ்டாட்டில் தெரியும் பிழைக்குறி, பெட்டியின் மாடல் எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.